அடுத்த வள்ளத்தில் வருவதாகச் சொன்ன அம்மா

அந்த இரண்டு பிள்ளைகளையும் என் வகுப்பில் உட்கார வைத்த முதல் நாள், வருகைப் பதிவேட்டில் அவர்கள் பெயரை நான் எழுதவில்லை. எழுத அனுமதி இல்லை. பிறப்புச் சான்றிதழ் கிடையாது, மாற்றுச் சான்றிதழ் கிடையாது, சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட அப்பா அம்மா இல்லை. தலைமையாசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உக்காரட்டும்மா, பாவம். ஆனா பேப்பர்ல எதுவும் வேணாம்" என்றார்.

தொண்ணூறாம் ஆண்டின் கடைசி அது. ஆரணியில் ஒரு தேவாலயத்தின் வளாகத்திலேயே இருந்த தொடக்கப் பள்ளியில் நான் ஆசிரியை. நான் கிறிஸ்தவள் இல்லை. என் கணவர் பட்டுத் தறி நெய்பவர். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அதுதான் தொழில். வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் வேலை கிடைத்ததே பெரிது என்று அந்தப் பள்ளியில் சேர்ந்தேன். வளாகத்தில் முன்னால் தேவாலயம், பக்கத்தில் ஐந்து அறைகள் கொண்ட ஓட்டுக் கட்டடம் எங்கள் பள்ளி, பின்னால் இரண்டு அறை வீட்டில் போதகரும் அவர் மனைவியும். அவர்களுடைய ஒரே மகன் வெளியூரில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான்.

இலங்கையில் மறுபடி சண்டை தொடங்கி, அகதிகள் படகு படகாக வந்துகொண்டிருந்த காலம். எங்கள் ஊருக்கும் சில குடும்பங்களை அனுப்பினார்கள். களம்பூர் போகும் சாலையில் பூட்டிக் கிடந்த ஒரு நெல் கிடங்கைத் திறந்து, நடுவே பழைய சேலைகளையும் சாக்குகளையும் கட்டித் தடுத்து, ஒரு தடுப்புக்கு ஒரு குடும்பம் என்று இருக்க வைத்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் வாரம் ஒருமுறை துணி, பால் பவுடர் என்று கையில் கிடைத்ததைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார்கள். அப்படிப் போன ஒரு நாள்தான் போதகரின் மனைவி அந்தப் பெண்ணைப் பார்த்திருக்கிறார். பதினோரு வயது இருக்கும். மூன்று கல் வைத்துச் சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஐந்து வயதில் ஒரு தம்பி.

"உங்கம்மா எங்கடா கண்ணு?" என்று கேட்டிருக்கிறார்.

"அம்மா அடுத்த வள்ளத்திலை வாறன் எண்டவ" என்றாள் அவள்.

வந்து சேர்ந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

கதையைப் போதகரின் மனைவி கொஞ்சம் கொஞ்சமாக விசாரித்துத் தெரிந்துகொண்டார். அப்பா முந்தின ஆண்டே இறந்துவிட்டார். மன்னார்க் கரையில் வள்ளம் ஏறும்போது இடம் போதவில்லை. வள்ளம் என்றால் படகு. அம்மா பிள்ளைகள் இருவரையும் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் ஒப்படைத்து முன்னால் ஏற்றிவிட்டு, பின்னால் வரும் வள்ளத்தில் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கரை மறைவதற்குள் பின்னால் வெடிச் சத்தம். இரண்டாவது வள்ளம் கரைக்கே திரும்பிப் போனதை அந்தச் சிறுமி தன் கண்ணால் பார்த்திருக்கிறாள். இந்தக் கரையில் இறங்கியதும் பக்கத்து வீட்டுக்காரப் பெண், பிரித்து அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்தில், இரண்டு பேரையும் தன் பிள்ளைகள் என்றே பதிந்துவிட்டார். அது நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் ஆரணிக்கு வந்த இரண்டாம் மாதம், திருச்சியில் உறவினர் இருப்பதாகச் சொல்லி, ஒரு வாரத்தில் திரும்பி வருகிறேன் என்று போனவர் வரவே இல்லை.

வருவாய் ஆய்வாளர் கெட்டவர் இல்லை. விஷயம் தெரிந்ததும் அவரே தேவாலயத்துக்கு வந்தார். பள்ளி இடைவேளை நேரம் என்பதால் நான் அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

"ரூல்படி பொண்ண ஒரு ஹோமுக்கும் பையன ஒரு ஹோமுக்கும் அனுப்பணும் சார். ஒரே எடத்துல வெக்க வழியில்ல" என்றார்.

போதகர் மெதுவாகப் பேசும் மனிதர். சண்டே ஸ்கூல் பிள்ளைகள் சத்தம் போட்டால்கூடக் கையை மட்டும் உயர்த்துவார். "எங்க வீட்ல இருக்கட்டும்னு நான் எழுதிக் குடுத்தா ஒத்துப்பீங்களா?" என்று கேட்டார்.

"மேல கேட்டுச் சொல்றேன்" என்றார் ஆய்வாளர்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக் கமிட்டி கூடியது. தையல் வகுப்புக்குத் துணி வெட்ட நான் அன்று பள்ளிக்கு வந்திருந்தேன். ஜன்னல் வழியாக எல்லாம் கேட்டது. அரிசி மில்லில் கணக்கு எழுதும் ஒருவர் எழுந்து, "பாஸ்டரய்யா, நல்ல காரியந்தான், இல்லன்னு சொல்லல. ஆனா நாளைக்கு போலீஸ் வந்து நின்னா நாம எல்லாரும் பதில் சொல்லணும். பசங்க யாரு, எங்கேந்து வந்துச்சுங்க, நமக்கு இன்னா தெரியும்?" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்புறம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருந்த ஒரு அம்மாள் பின்வரிசையிலிருந்து சொன்னார்: "ஏசுசாமிய தூக்கிகினு எகிப்துக்கு ஓடுனாங்களே, அங்க எவனாச்சும் கார்டு கேட்டானா? பசங்க வரட்டும் ஐயா. ஒரு வேளை இட்லி என்து."

அதற்குப் பிறகு ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒருவர் பாய், ஒருவர் சீருடைத் துணி, ஒருவர் பால். கணக்கு எழுதுபவர் தன் ஆட்சேபத்தைக் குறிப்பேட்டில் எழுதச் சொன்னார். போதகர் எழுதிக்கொண்டார். அந்த மனிதர் கடைசிவரை மனம் மாறவில்லை. ஆனால் ஒரு நாளும் குறுக்கே நிற்கவுமில்லை.

மேலிருந்து சரி என்று பதில் வந்ததும், பிள்ளைகள் ஒரு தகர டிரங்குப் பெட்டியோடு வந்தார்கள். வயதுப்படி அக்கா ஆறாம் வகுப்பு, தம்பி ஒன்றாம் வகுப்பு. ஆனால் அவள் அவன் கையை விடமாட்டேன் என்றாள். என்னுடையது மூன்றாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருக்கிறதே என்று தலைமையாசிரியை இருவரையும் என்னிடமே விட்டுவிட்டார்.

முதல் நாளே ஒன்று நடந்தது. களம்பூர்ச் சாலையில் ஒரு மில் காலை வேலை தொடங்கச் சங்கு ஊதும். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியதால் எங்களுக்கு அது காதிலேயே விழாது. அன்று சங்கு ஊதியதும் அக்காவும் தம்பியும் ஒரே நொடியில் பெஞ்சுக்கு அடியில் போய்விட்டார்கள். அவள் அவன்மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கக் கூடாது என்று அதட்டினேன், ஆனால் என்ன செய்வதென்று எனக்கும் தெரியவில்லை.

போதகரின் மனைவிக்குத் தெரிந்திருந்தது. மறுநாளிலிருந்து தினமும் சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் வேலையை விட்டுவிட்டு வந்து, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நிற்பார். "இப்ப ஊதும் பாரு. அரிசி குத்தறவங்கள வேலைக்குக் கூப்புடறான். அவ்ளோதான்" என்பார். இப்படி எத்தனை வாரம் நின்றாரோ தெரியாது. ஒரு நாள் அவன் தன் வகுப்பிலிருந்த இன்னொரு பையனின் கையைப் பிடித்துக்கொண்டு, "இப்ப ஊதும் பார்" என்று சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

பேச்சு ஒரு பெரிய வேடிக்கையாக இருந்தது. ஒருமுறை பையன், "ஐயா எனக்குப் பேசுறதே இல்லை" என்று என்னிடம் சொன்னான். நான் போய்ப் போதகரின் மனைவியிடம் சொல்ல, அவர் பதறிப்போனார். "தெனம் அவனோட ரெண்டு மணி நேரம் பேசிகினு இருக்காரே" என்றார். அக்காதான் விளக்கினாள். அவர்கள் ஊரில் பேசுவது என்றால் திட்டுவது; நாம் பேசுவதை அவர்கள் கதைப்பது என்பார்கள். போதகர் தன்னைத் திட்டுவதே இல்லை என்றுதான் அவன் பெருமையாகச் சொல்லியிருக்கிறான்.

வந்த சில நாட்களிலேயே அந்தப் பெண், "நான் உங்களை என்னெண்டு கூப்பிடுறது?" என்று போதகரின் மனைவியைக் கேட்டாளாம். மற்றவர்களாக இருந்தால் அம்மா என்று கூப்பிடு என்றிருப்பார்கள். இவர், "அம்மான்ற பேரு உங்க அம்மாவுக்கு இருக்கட்டும். வேற எதுனா சொல்லிக் கூப்புடு" என்றிருக்கிறார். அவள் யோசித்து, "மாமி" என்றாள். எங்கள் ஊரில் அக்கிரகாரத்துப் பெண்களைத்தான் அப்படிக் கூப்பிடுவார்கள். சபைப் பெண்கள் கொஞ்ச நாள் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

என் வீட்டில் அவ்வளவு சுலபமாக இல்லை. "உனுக்கு எதுக்கு இந்தப் பேஜாரு? அவங்க மதம் மாத்தறதுக்குத்தான் வெச்சிகினு இருக்காங்க" என்றார் என் கணவர். எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஒரு வாரம் கழித்துப் போதகரின் மனைவி என் வகுப்பு வாசலுக்கு வந்து, தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், உங்க வீட்ல திருநீறு இருந்தா கொஞ்சம் கொண்ணாந்து தர்றீங்களா? குளிச்சதும் அந்தப் பொண்ணு நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்குது. கேட்டா ஒண்ணுமில்லன்னுது. கடையில நான் போயி வாங்குனா எது நல்லதுன்னு எனக்குத் தெரியாது."

அன்று சாயங்காலம் நான் சொன்னதைக் கேட்டுக் கணவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடியே என்னை ஏறிட்டுப் பார்த்தார். மறுநாள் காலை ஒரு காகிதப் பொட்டலத்தை என் பையில் வைத்தவர் அவர்தான். போதகர் வீட்டில் சாயங்கால ஜெபம் நடக்கும்போது பிள்ளைகள் இரண்டும் நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருக்கும். விரும்பினால் பாடும், இல்லையென்றால் சும்மா இருக்கும். யாரும் ஒன்றும் கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்று மே மாதம் எல்லாம் மாறியது. அந்தக் கொலைக்குப் பிறகு இலங்கைத் தமிழ் என்று காதில் விழுந்தாலே ஊர் திரும்பிப் பார்த்தது. கிடங்கில் இருந்தவர்களை வெளியே விடவில்லை. கணக்கு எழுதுபவர் பயந்தபடியே தேவாலயத்துக்குப் போலீஸ் வந்தது. இரண்டு முறை வந்து விசாரித்து, பிள்ளைகளைப் படம் எடுத்துக்கொண்டு போனார்கள். போதகர் இரண்டு முறையும் அவர்களை உட்கார வைத்து, எழுதிக் கொடுத்த காகிதத்தின் நகலைக் காட்டி, காபி கொடுத்து அனுப்பினார்.

ஜூனில் பள்ளி திறந்ததும், கல்வி அலுவலகத்திலிருந்து ஆய்வுக்கு வருகிறார்கள் என்று தகவல் வந்தது. தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். நான் புரிந்துகொண்டேன். பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டுபோய், தேவாலயத்துக்குப் பின்னால் போதகர் அங்கி மாற்றும் சிறிய அறையில் உட்கார வைத்து, ஸ்லேட்டும் குச்சியும் கொடுத்து, நான் வந்து கூப்பிடும் வரை வெளியே வரக் கூடாது என்றேன்.

"நாங்கள் என்ன பிழை செய்தனாங்கள், டீச்சர்?" என்று அவள் கேட்டாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். பாடத்தில் சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்து, ஆய்வுக்கு வந்தவர்கள் முன்னால் மற்றப் பிள்ளைகளை வாய்ப்பாடு ஒப்பிக்கச் செய்தேன். அன்று செய்த காரியத்துக்காக இப்போதும் எனக்கு வெட்கம்தான். வேறு என்ன செய்திருக்க முடியும் என்றும் தெரியவில்லை.

அந்தச் சாயங்காலமே போதகரிடம் போய், "இவங்கம்மா உயிரோட இருக்காங்களா இல்லையான்னாவது நாம தேடிப் பாக்கணுங்க" என்றேன். அவரும் அதையே யோசித்துக்கொண்டிருந்தார். அரசாங்கத்துக்கு ஏற்கெனவே எழுதியிருந்தார், பதில் இல்லை. "முகாம் இருக்கிற ஊர்ல எல்லாம் ஏதாவது ஒரு சபை இருக்கும். எந்த சபையா இருந்தா என்ன, எல்லாத்துக்கும் எழுதுவோம். ஞாயித்துக்கெழம ஆராதனையில வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்குவோம்" என்றார்.

கடிதத்தை அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அம்மாவின் பெயர், ஊர், பிள்ளைகளின் பெயர், வள்ளம் ஏறிய விதம். அடையாளம் என்ன என்று கேட்டபோது அந்தப் பெண் வெகுநேரம் யோசித்து, அம்மாவின் இடது கைச் சுண்டுவிரல் வளைந்திருக்கும், நேராக நீட்ட வராது என்றாள். அதையும் எழுதினோம். பிறகு கார்பன் தாள் வைத்து நாலு நாலாகப் பிரதி எடுத்தோம். மூன்று சாயங்காலம் ஆயிற்று. ராமேஸ்வரம் பக்கத்திலிருந்து மதுரை, திருச்சி, சேலம் வரை, கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே என்று பார்க்காமல் முகவரி கிடைத்த எல்லாருக்கும் அனுப்பினார். இலங்கையில் மன்னாருக்கும் இரண்டு போயின.

பதில்கள் வந்தன. இங்கே அப்படி யாரும் இல்லை, ஜெபிக்கிறோம் என்று பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். தபால்காரர் வளாகத்துக்குள் நுழைந்தால் அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிடுவாள். நான் அதைக் கவனிக்காததுபோல இருப்பேன்.

ஓராண்டு போனது. ஒருநாள் மதியம், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு பெண் வந்து நின்றார். நாற்பது வயது இருக்கும். தெற்கே ஏதோ ஒரு முகாமிலிருந்து, அனுமதி வாங்கி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஒரு தேவாலயத்தில் கடிதம் வாசித்ததை யாரோ கேட்டு அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். ஒரு அக்கா, ஒரு தம்பி, மன்னார் என்பது மட்டும்தான் அவர் காதுக்கு வந்து சேர்ந்திருந்தது. பெயர்கள் வரவில்லை.

போதகரின் மனைவி பிள்ளைகளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவர்கள் ஓடிவந்தார்கள். நானும் பின்னாலேயே போனேன். வாசற்படியில் அக்கா நின்றுவிட்டாள். வந்தவரும் பார்த்தார். ஒரு நொடிதான்.

"இது என்ரை பிள்ளையள் இல்லை" என்றார்.

போதகரின் மனைவி அவரைக் கையைப் பிடித்து உட்கார வைத்து, சாப்பிடாமல் போகக் கூடாது என்று சொல்லி, இலை போட்டார். அவர் இரண்டு வாய் சாப்பிட்டார். பிறகு கை கழுவிவிட்டு, அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு முன்னால் உட்கார வைத்து, தலையை அவிழ்த்துச் சீவி, இரட்டைப் பின்னல் போட்டுவிட்டார். மெதுவாகத்தான் போட்டார். அவளும் அசையாமல் இருந்தாள். நாலு மணி பஸ்ஸில் ஏற்றிவிட்டோம். அவருடைய பிள்ளைகளின் பெயரையும் போதகர் எழுதி வாங்கிக்கொண்டு, அதற்கும் கடிதம் போட்டார். அவர்கள் கிடைத்தார்களா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது. அன்று அவர் போட்ட பின்னலை மறுநாளும் அவள் அவிழ்க்க விடவில்லை.

தொண்ணூற்றிரண்டு நவம்பரில் ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அரசுச் சுகாதார நிலையத்தில் நர்ஸ். அவர் போகும் சபையில் எங்கள் கடிதத்தை முதலில் வாசித்தபோது அவர் ஊரில் இல்லை. சமீபத்தில் தேவாலயத்து அலமாரியைச் சுத்தம் செய்தபோது அது கண்ணில் பட்டிருக்கிறது. 'எங்கள் பக்கத்து முகாமிலிருந்து ஒரு பெண் தூக்கம் வரவில்லை என்று மாத்திரைக்கு வருவார். இடது கைச் சுண்டுவிரல் வளைந்திருக்கிறது. ஊசி போடும்போது பார்த்திருக்கிறேன். அவர் பெயரும் நீங்கள் எழுதியதுதான். ஆனால் அவரிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. உங்களிடம் உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்றிருக்கிறேன்' என்று எழுதியிருந்தார்.

போதகர் அந்தக் கடிதத்தை என் வகுப்புக்கே எடுத்து வந்தார். பாடம் நடந்துகொண்டிருக்கும்போது அவர் ஒருநாளும் உள்ளே வந்ததில்லை. என் கையில் கொடுத்துவிட்டு, கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

போன முறை பட்டதே போதும் என்று, பிள்ளைகளிடம் ஒன்றும் சொல்லாமல், மறுபடி எழுதிக் கேட்டு, தந்தியில் பதில் வரவழைத்தோம். அவரேதான். வெடிச் சத்தத்தில் திரும்பிப்போன வள்ளத்தில் இருந்தவர், இரண்டு வாரம் கழித்து வேறொரு வள்ளத்தில் வந்து, வேறொரு கரையில் இறங்கியிருக்கிறார். மண்டபம் முகாமில் தன் பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக் கேட்டிருக்கிறார். பிள்ளைகள் வேறு ஒருத்தியின் பிள்ளைகளாக, வேறு தகப்பன் பெயரோடு பதிவாகி, அதற்கு முன்பே பஸ் ஏறி ஆரணிக்கு வந்துவிட்டார்கள். அப்படி யாரும் வரவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு ஆண்டுக்கு மேலாக, ஒரு பகல் பஸ் பயணத் தூரத்தில், கடலில் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு அந்த அம்மாள் உட்கார்ந்திருந்தார்.

ஞாயிறு பிற்பகல் பஸ் நிலையத்துக்கு எதிரிலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். ஈரோட்டுப் பக்கத்தில் நர்ஸ், சுகாதார நிலையத்துப் போனுக்குப் பக்கத்தில் அம்மாவை உட்கார வைத்திருந்தார். போகும் வழியில்தான் போதகரின் மனைவி பெண்ணிடம் சொன்னார். அவள் நம்பவில்லை. "போன முறையும் இப்பிடித்தான்" என்றாள்.

கண்ணாடிக் கதவுக்குள் நாங்கள் ஐந்து பேரும் நெருக்கிக்கொண்டு நின்றோம். போதகர் எண்ணைச் சுழற்றி, குரல் வந்ததும் ரிசீவரை அவள் காதில் வைத்தார். அவள் கேட்டாள். அந்தப் பக்கம் அவள் பெயரைத் திரும்பத் திரும்பக் கூப்பிடுவது எனக்கே கேட்டது. அவள் உதடு மட்டும் அசைந்தது. நான் அவள் முதுகில் கை வைத்தேன்.

கடைசியில், "அம்மா, தம்பிக்கு முன்பல்லு விழுந்திட்டுது" என்றாள்.

அதன் பிறகு நிற்காமல் பேசினாள். தம்பி வடிவாகச் சாப்பிடுகிறான், தனக்குப் பெருக்கல் வரும், மாமி தேங்காய்ப்பால் சொதி வைக்கப் பழகிவிட்டார், என்று எதையெதையோ. போதகர் வெளியே போய்ச் சாலையைப் பார்த்து நின்றார். பூத்துக்காரர் வெளியே வரிசையில் நின்றவர்களிடம், "கொஞ்சம் இருங்க சார், அவங்கம்மா கெடச்சிட்டாங்களாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். யாரும் அவசரப்படுத்தவில்லை.

அனுமதிக் கடிதத்துக்கு இரண்டு மாவட்ட அலுவலகங்களுக்கும் நடந்து, சனவரியில்தான் கிளம்ப முடிந்தது. நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். என் கணவர் விடியற்காலையில் டிரங்குப் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு பஸ் நிலையத்துக்கு வந்தார். இட்லிக் கடை அம்மாள் ஒரு பெரிய பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

முகாம் வாசலில் அம்மா நின்றிருந்தார். நான் நினைத்ததைவிடச் சின்ன வயது. பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக ஓடினாள். பையன் ஓடவில்லை. பிரிந்தபோது அவனுக்கு ஐந்து வயது, முகம் நினைவில்லை. போதகரின் மனைவியின் சேலையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒளிந்தான். அம்மா அவனைப் பிடித்து இழுக்கவில்லை. மண்ணில் உட்கார்ந்து, அவன் உயரத்துக்கு வந்து, "எந்தப் பல்லு விழுந்தது? காட்டு பாப்பம்" என்றார்.

அவன் கொஞ்சம் பொறுத்து வாயைத் திறந்து காட்டினான். அதற்குள் புதுப்பல் பாதி முளைத்திருந்தது. அவர் விரலால் அதைத் தொட்டுப் பார்த்தார். அவன் விரலை விலக்கவில்லை. அப்படியே மெல்ல அவர் மடியில் சாய்ந்தான். போதகரின் மனைவி சேலைத் தலைப்பை அவன் பிடியிலிருந்து எடுக்காமல், தானும் கூடவே உட்கார்ந்துகொண்டார்.

பிள்ளைகள் அங்கேயே தங்கிவிட்டார்கள். திரும்பி வரும்போது பஸ்ஸில் போதகரின் மனைவி அழுதார். "துக்கமில்ல டீச்சர். ரெண்டு வருசமா, நம்ம கையில இருக்கச்சே எதுனா ஆயிடப் போவுதுன்னு பயந்துகினே இருந்தேன். இன்னிக்குத்தான் எறக்கி வெச்சேன்" என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து, அடுப்பில் உலை வைத்துவிட்டு, காரணமில்லாமல் சிரித்தேன். கணவர் தறியை நிறுத்திவிட்டு வந்து, "இன்னா ஆச்சு, சொல்லு" என்று உட்கார்ந்தார். எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னேன்.

கடிதங்கள் வந்துகொண்டிருந்தன. அவள் பக்கத்து ஊர்ப் பள்ளியில் சேர்ந்து பன்னிரண்டாம் வகுப்பு முடித்தாள். முகாமிலேயே குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தாள். இரண்டாயிரத்து நான்கில் கல்யாணப் பத்திரிகை வந்தது. போதகர் அதற்குள் ஓய்வு பெற்று வேலூரில் மகனோடு இருந்தார். அவரையும் அவர் மனைவியையும் வேலூரில் ஏற்றிக்கொண்டு நானும் என் கணவரும் போனோம்.

முகாமுக்குள் இருந்த சிறிய பிள்ளையார் கோவிலில் கல்யாணம். தம்பி மீசை முளைத்த ஆளாக நின்று எல்லாரையும் வரவேற்றான். எங்களை முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். தாலி கட்டி முடிந்ததும் அம்மா எங்களிடம் வந்து, போதகரின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"உங்களுக்கு நான் என்ன சொல்லுறது எண்டு இண்டைக்கும் எனக்குத் தெரியேல்லை" என்றார்.

"ஒண்ணும் சொல்ல வாணாம்மா. காலையிலேந்து நீங்க ஒரு வாய் துன்னல, நானும் பாத்துகினேதான் இருக்கேன். வாங்க, கூட உக்காந்து சாப்டுங்க" என்று அவரைப் பந்திக்கு எழுப்பிக்கொண்டு போனார் இவர்.

மதியச் சாப்பாடு முடிந்து கிளம்பினோம். பஸ்ஸில் போதகருக்கு ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. அவர் மனைவி மல்லிகை மாலையை மடியில் வைத்துக்கொண்டு, சமையல் எப்படி இருந்தது, மாப்பிள்ளை எப்படிச் சிரித்தார் என்று பேசிக்கொண்டே வந்தார். சேலம் தாண்டியதும் அவரும் தூங்கிப்போனார். நானும் சாய்ந்து கண்ணை மூடினேன். வேலூர் வந்துவிட்டது என்று என் கணவர் தோளைத் தட்டி எழுப்பும்வரை ஒன்றும் தெரியவில்லை.